சரக்கும் புகையும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கட்டிடத்தின் முற்றத்தில் பந்தி முடிந்து, அன்பர்கள் தாம்பூலம் தரித்துக்கொண்டிருந்த வேளை. நாமக்கல்லைச் சேர்ந்த லாரி உரிமையாளர் ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தார். சங்கத்துக்கு நெடுநாள் பழக்கமானவர். மூன்று லாரிகள் வைத்திருக்கிறார். அவற்றுள் ஒன்றை இன்னும் தாமே ஓட்டுகிறார். அவர் நம்மைப் பார்த்து, “ஏனுங்க தம்பி, தொழிற்சாலைக்கு உள்ளேயே தண்டவாளம் போட்டுக் காரை ரயிலில் ஏற்றுகிறார்களாமே! பசுமை, சுற்றுச்சூழல் என்று பேசிப் பேசியே எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடுவீர்கள் போலிருக்கிறதே?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது சிரிப்பன்று என்பதை நாம் உணர்ந்தோம்.

அன்று நாம் தக்க விடை கூறவில்லை. வெற்றிலையை மென்றபடியே ஏதோ சொல்லி மழுப்பிவிட்டோம். வீடு திரும்பிய பின் அக்கேள்வி நம்மை விடவில்லை. நாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயின் சரக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பொருளாதாரம் பேச நமக்கு அருகதை இல்லை. ஆயினும் வேகன்களின் எண்ணும், எடையும், ரசீதும் நாள்தோறும் நம் கைவழியே செல்கின்றன. எந்தத் தொழிற்சாலை எதனை எங்கே அனுப்புகிறது, எது ரயிலைத் தேடி வருகிறது, எது வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்பதைக் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு. அந்த அளவில் அவருக்கு ஒரு விடை கூற முயல்வதே இக்கட்டுரை. அவர் மட்டுமன்றி, அகமதாபாத்திலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் பணிபுரியும் நம்மவர் பலருக்கும் இது தொடர்புடைய செய்தி என்பதால் இப்பத்திரிகையின் வாயிலாகக் கூறுகிறோம்.

தொழிற்சாலையின் புகை என்றவுடன் நாம் அனைவரும் அண்ணாந்து பார்ப்பது அதன் புகைபோக்கியையே. அது கண்ணுக்குத் தெரியும் புகை. அதற்குச் சட்டம் உண்டு, அதிகாரி உண்டு, அபராதமும் உண்டு. கண்ணில் படாத புகை ஒன்று வாயிற்கதவுக்கு வெளியே இருக்கிறது. மூலப்பொருள் உள்ளே வரவேண்டும். உதிரி உறுப்புகள் வரவேண்டும். செய்து முடித்த பண்டம் நாட்டின் நான்கு மூலைகளுக்கும் செல்லவேண்டும். இவ்வளவும் பெரும்பாலும் டீசல் லாரிகளின் மேல் நடக்கிறது. நரோல் சந்திப்பில் மாலை வேளையில் ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வட்வா, நரோடா பக்கம் குடியிருக்கும் நம் தாய்மார்கள் காயப்போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் எடுக்கும்போது அதன் நிறத்தைப் பார்த்தே காற்றின் நிலையைக் கூறிவிடுவார்கள். அந்தக் கரி புகைபோக்கியிலிருந்து மட்டும் வந்ததன்று.

இதனை மாற்றுவதற்கு இக்காலத்தில் பல வழிகளைப் பேசுகிறார்கள். மின்சார லாரி, இயற்கை எரிவாயு லாரி என்றெல்லாம் வந்துகொண்டிருக்கின்றன. அவை வரட்டும். நமக்குத் தெரிந்த வழி பழைய வழி. இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரம் உருளும் வழி. ரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. பிசைந்த மாவைப் போல அது நசுங்குவதிலேயே எண்ணெயின் ஆற்றலில் ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. லாரி டயரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். இரும்புச் சக்கரமோ தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். நசுங்குவதும் இல்லை, சூடேறுவதும் இல்லை. ஆகவே ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ரயிலுக்குத் தேவைப்படும் ஆற்றல் லாரிக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு முழுச் சரக்கு வண்டி 3,500 டன்னுக்கு மேல் சுமக்கும். 25 டன் ஏற்றும் லாரிகளாகக் கணக்கிட்டால் 140 லாரிகள். அத்தனை லாரிகளின் வேலையை ஓரிரு எஞ்சின்கள் செய்துவிடுகின்றன.

இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது தொழிற்சாலைகள் ஏன் சாலையை நாடின? இங்கேதான் நம் வீட்டுக் குறையையும் நாம் ஒளிக்காமல் கூறவேண்டும். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், 1951-ஆம் ஆண்டு வாக்கில், நம் நாட்டுச் சரக்கில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு ரயிலில்தான் சென்றது. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2030-க்குள் நூற்றுக்கு 45 பங்காக உயர்த்தவேண்டும் என்று தேசிய ரயில் திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். இழந்தது எப்படி என்று அறியாமல் மீட்பது எப்படி?

முன்னாளில் எந்தச் சிறு வியாபாரியும் இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்கு வரலாம். சில்லறைச் சரக்கு என்று அதற்குப் பெயர். பல ஊர்ச் சரக்குகளை ஒரே வேகனில் ஏற்றி, வழியில் உள்ள பெரிய யார்டுகளில் வேகன்களைப் பிரித்துச் சேர்த்து அனுப்புவார்கள். சரக்கு போய்ச் சேர வாரங்கள் ஆகும். சில நேரம் வேகனே எங்கோ யார்டில் மறைந்துவிடும். 1980-களில் ரயில்வே இம்முறையை மெல்லமெல்லக் கைவிட்டு, ஓர் இடத்தில் ஏற்றி ஓர் இடத்தில் இறக்கும் முழு வண்டி முறைக்கு மாறியது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் அது மிகப் பொருத்தமாக அமைந்தது. ஆனால் சிறு தொழிற்சாலைக்காரருக்குக் கதவு அடைபட்டது.

இரண்டாண்டுகளுக்கு முன் நம் சங்க அன்பர் ஒருவர் நாம் வேலை பார்க்கும் சரக்கு நிலையத்துக்கு வந்தார். வால்வு வார்ப்படங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருப்பவர். சென்னைக்கு 9 டன் சரக்கு அனுப்பவேண்டும் என்றார். அவரிடம் பொருள் வாங்கும் கம்பெனி, “உமது சரக்கு எவ்வாறு வருகிறது, எவ்வளவு புகைக் கணக்கு ஆகிறது?” என்று படிவம் அனுப்பிக் கேட்கத் தொடங்கிவிட்டதாம். “ரயிலில் அனுப்பினால் படிவத்திலே நல்லபடியாக எழுதலாமே என்று வந்தேன்” என்றார். முழு வண்டிச் சரக்கு அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கை வேகன்கள் இருந்தாலன்றி நம் நிலையத்தில் பதிவு செய்ய வழியில்லை. அதனைச் சொன்னோம். அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே சிறிது நேரம் வெளியே நின்ற வேகன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு வண்டி நிற்கிறது, என் ஒன்பது டன்னுக்கு இடமில்லையா?” என்றார். விதி அப்படி என்றோம். அன்றைய இரவே அவருடைய சரக்கு லாரியில் சென்றுவிட்டது. விதி நாம் எழுதியதன்று. ஆயினும் அவர் முன்னால் வெட்கமாகத்தான் இருந்தது.

காத்திருக்கும் தொல்லையும் உண்டு. தொழிற்சாலைக்காரர் கேட்பது ஒன்றே: “என் சரக்கு எந்த நாளில், எந்த நேரத்தில் போய்ச் சேரும்?” லாரிக்காரர் இதற்கு விடை கூறுவார், நாம் கூறமாட்டோம். ஏனெனில் ஒரே பாதையில் பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் ஓடும்போது, சரக்கு வண்டிதான் ஒதுங்கி நிற்கவேண்டும். விடுமுறைக்கு நவஜீவனில் குடும்பத்தோடு சென்னை செல்லும்போது, சிறு நிலையங்களில் பக்கத்துத் தண்டவாளத்தில் நீண்டு நிற்கும் சரக்கு வண்டியைக் குழந்தைகள் சன்னல் வழியே எண்ணுவார்களே, அது நமக்காகத்தான் நிற்கிறது. நாம் வேகமாக ஊர் சேர்வதற்காக யாரோ ஒரு தொழிற்சாலையின் சரக்கு அங்கே வெயில் காய்கிறது.

நம் பயணச்சீட்டின் விலையிலும் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டில், பயணச் செலவில் நூற்றுக்கு 57 பங்கைத்தான் ரயில்வே சராசரியாகத் திரும்பப் பெறுகிறது என்று பயணச்சீட்டிலேயே அச்சிட்டார்கள். அன்பர்கள் பலர் அதனைக் கண்டிருப்பீர்கள். சிலர் எரிச்சலும் அடைந்திருப்பீர்கள். மிச்சத்தை ஈடு செய்வதில் பெரும்பங்கு சரக்குக் கட்டணத்தினுடையது. பயணச்சீட்டு மலிவாக இருப்பதற்காகச் சரக்குக் கட்டணத்தை உயர்த்தி வைத்தார்கள். உயர்ந்த கட்டணத்தைக் கண்டு சரக்கு சாலைக்குப் போயிற்று. சாலைக்குப் போன சரக்கு நம் தெருவுக்குப் புகையாகத் திரும்பி வந்தது. ஊருக்குச் செல்லும் சீட்டின் விலை ஏறவேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். நமக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம் இருக்கிறது. ஆனால் இந்த வட்டத்தில் நாமும் ஒரு புள்ளியாக நிற்கிறோம் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இனி நாமக்கல் அன்பர் கேட்ட கார்களின் கதைக்கு வருவோம். பேச்சராஜிக்கு அருகே ஹன்சல்பூரில் மாருதி சுசூகி கார்கள் செய்யும் தொழிற்சாலை 2017-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதன் வளாகத்துக்கு உள்ளேயே ரயில் சைடிங் திறக்கப்பெற்றது. ஆண்டுக்கு 3 லட்சம் கார்களை ஏற்றி அனுப்பும் வசதி அதற்கு உண்டு. முன்பெல்லாம் கார்களை லாரியில் ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய், இறக்கி, மறுபடி ரயிலில் ஏற்றவேண்டும். இப்பொழுது தொழிற்சாலையிலிருந்து கார் தன் சக்கரத்திலேயே உருண்டு சென்று வண்டிக்குள் ஏறிவிடுகிறது. அடுத்த ஆண்டு, 2025 ஜூனில், அரியானாவிலுள்ள மானேசர் தொழிற்சாலையிலும் இதைவிடப் பெரிய சைடிங் ஒன்று திறக்கப்பட்டது. கார் கம்பெனியே ரயில் வண்டிகளை அமர்த்தி ஓட்டும் உரிமத்தை இதே நிறுவனம் 2013-இலேயே பெற்றிருந்தது. 2014–15-இல் ரயிலில் அனுப்பிய கார்கள் ஏறத்தாழ 65 ஆயிரம். 2023–24-இல் ஏறத்தாழ 4 லட்சத்து 47 ஆயிரம். அதாவது அவர்கள் விற்கும் ஐந்து கார்களில் ஒன்று. இரண்டு அடுக்கு கொண்ட ஒரு முழு வண்டி இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கார்களைச் சுமக்கும். நீண்ட டிரெய்லர் ஒன்றுக்கு எட்டுக் கார் என்று கொண்டால், முப்பதுக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் நெடுஞ்சாலையில் இறங்காமல் நின்றுவிடுகின்றன. நம் தமிழகத்திலும் வாலாஜாபாத் நிலையத்தில் கார்களை ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள். அப்பக்கம் வேலை பார்க்கும் உறவினர் உள்ள அன்பர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார் ஏற்றும் வண்டிகளில் ஒரு வகைக்கு என்.எம்.ஜி. என்று பெயர். அது புதிதாகச் செய்த வண்டியன்று. பயணிகள் பெட்டியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி ஓய்வு பெற்ற பெட்டிதான் அது. இருக்கைகளை அகற்றி, சன்னல்களையும் பக்கக் கதவுகளையும் அடைத்து, முகப்பில் பெரிய கதவு வைத்து, ஒரு முனையில் நுழைந்த கார் பெட்டி பெட்டியாக மறுமுனை வரை உருண்டு செல்லும்படி அமைக்கிறார்கள். இப்பெட்டிகளில் பல நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் பிறந்தவை. அந்தத் தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பெற்றது. பழைய மாதிரிப் பெட்டியைச் செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டது. நம் பெற்றோர் பித்தளைக் கூஜாவும் புளியோதரை மூட்டையுமாக இந்த ஊருக்கு வந்திறங்கிய பெட்டிகளுள் ஏதோ ஒன்று இப்பொழுது சன்னல் அடைபட்டு, வயிறு நிறையப் புதுக்கார்களோடு நம் யார்டில் நிற்கக்கூடும். பழையதைக் காய்லான் கடைக்கு அனுப்பாமல் மறுபடி உழைக்க வைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

பெரிய கம்பெனிக்குச் சைடிங் கிடைத்தது. காத்திருக்கும் தொல்லை என்னவாயிற்று? அதற்காகவே சரக்குக்கென்று தனிப்பாதை போடப்பட்டது. மேற்குப் பாதை தில்லிக்கு அருகேயுள்ள தாத்ரியிலிருந்து மும்பைக்கு அருகேயுள்ள நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. குஜராத்தின் வழியே நெடுந்தூரம் செல்கிறது. 2021 ஜனவரி 7-ஆம் நாள் ரேவாரிக்கும் மதாருக்கும் இடையே 306 கிலோமீட்டர் திறக்கப்பெற்றபோது, கண்டெய்னர் மேல் கண்டெய்னர் ஏற்றிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள வண்டி மின்சார எஞ்சினால் இழுக்கப்பெற்றுச் சென்றது. அத்தனை உயரம் செல்வதற்காக மின்கம்பியை ஏழரை மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். இப்பாதையில் சரக்கு வண்டி யாருக்கும் ஒதுங்கி நிற்கவேண்டுவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை செல்லலாம். பழைய பாதையில் இருபத்தைந்து கிலோமீட்டர் சராசரியே பெரிது என்று வாழ்ந்த நம் போன்றவர்களுக்கு இது சொர்க்கலோகச் செய்திதான்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அகலப் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. ‘புகைவண்டி’ என்ற பெயருக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. ஆயினும் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே வருகிறது. ரயில்வே சுமக்கும் சரக்கிலும் பாதி நிலக்கரிதான். நிலக்கரியை இழுப்பதும் நாம். நம்மை இழுப்பதும் நிலக்கரி! புகை அடியோடு ஒழிந்துவிட்டது என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். குறைந்திருக்கிறது, நம் தெருவிலிருந்து விலகியிருக்கிறது. சூரிய ஒளியும் காற்றாலையும் மின்சாரத்தில் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்கு ரயிலின் புகையும் தானாகவே குறையும். டீசல் லாரிக்கு அந்த வசதி இல்லை.

தொழிற்சாலைக்கு உள்ளேயும் செய்யவேண்டியவை பல. சானந்துப் பக்கம் ஓர் உதிரி உறுப்புத் தொழிற்சாலையில் அனுப்புதல் பிரிவில் இருக்கும் நம் அன்பர் ஒருவர் அவற்றை விளக்கினார். முன்பு உறுப்புகள் அட்டைப் பெட்டியிலும் தெர்மகோலிலும் பொதியப்பட்டு வரும். பிரித்தவுடன் குப்பை மலைபோல் குவியும். அதனை எடுத்துச் செல்பவர்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று தொழிற்சாலை கேட்பதில்லை. நமக்குத் தெரியும். நம் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள வெற்று நிலத்தில் மாலை மயங்கியதும் தீ வைப்பார்கள். தெர்மகோல் எரியும் நாற்றம் சமையலறை வரை வரும். குழந்தைகள் இருமத் தொடங்கும். இப்பொழுது அந்த அன்பரின் தொழிற்சாலையில் மடக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். உறுப்பை இறக்கியபின் பெட்டியை மடித்து, வந்த லாரியிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரே பெட்டி ஆண்டுக்கணக்கில் போய் வருகிறது. முதலில் செலவு அதிகம் என்று முதலாளி தயங்கினாராம். அட்டைப்பெட்டி வாங்கும் செலவை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பின்புதான் இசைந்தாராம். பெட்டிகள் காணாமற் போவதே இப்போதுள்ள பெரிய தலைவலி. சில பெட்டிகள் தேநீர்க் கடைகளில் ஆசனமாகிவிட்டனவாம்.

பால்வண்டிச் சுற்று என்று இன்னொரு முறையையும் அவர் கூறினார். குஜராத்தில் இருக்கும் நமக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. ஊர் ஊராகப் பால் சங்கங்களின் வாசலில் வண்டி நின்று பாலைச் சேகரித்துக்கொண்டு பண்ணைக்குச் செல்கிறதே, அதே முறைதான். ஆறு பட்டறைகள் ஆறு லாரிகளைப் பாதி காலியாக அனுப்புவதற்குப் பதிலாக, ஒரே லாரி ஆறு வாசல்களிலும் நின்று உறுப்புகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. காலிப் பெட்டிகளையும் அதே சுற்றில் இறக்கிவிடுகிறது. இதற்குப் புதிய எந்திரம் வேண்டாம். கடிகாரமும் ஒழுங்கும் போதும். நேரம் தவறும் ஒரு பட்டறையால் மற்ற ஐந்தும் கெடும் என்பதால் சண்டைகளும் வருகின்றன என்று சிரித்தார்.

இக்கதையைக் கேட்டபின் நமக்கு வால்வுப் பட்டறை அன்பரின் ஒன்பது டன் நினைவுக்கு வந்தது. முழு வண்டிச் சரக்கு அவரிடம் இல்லை. ஆனால் ஒரு கண்டெய்னரை நிரப்ப இன்னும் இரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா? 1989 முதல் இயங்கி வரும் அரசுக் கண்டெய்னர் கழகத்துக்கு இங்கே கோடியாரில் நிலையம் உண்டு. அங்கே விசாரிக்குமாறு அவரிடம் கூறினோம். அவர் அண்டையிலுள்ள இரண்டு பட்டறைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்; ஒருவர் குஜராத்தி, ஒருவர் நம்மவர். மூவரும் சேர்ந்து மாதம் ஒரு கண்டெய்னர் சென்னைக்கு அனுப்பி வருகிறார்கள். லாரியைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாகிறது. அவசரச் சரக்கை இன்னமும் லாரியில்தான் அனுப்புகிறார். கட்டணத்தில் மிச்சம் அப்படியொன்றும் பெரிதில்லை என்கிறார். ஆனால் படிவத்தை இப்போது தயங்காமல் நிரப்புகிறார்.

படிவம் என்றதும் இன்னொன்று. 2022 ஏப்ரல் முதல் சரக்கு அனுப்புவோருக்கு ரயில்வே ‘பசுமைப் புள்ளிகள்’ வழங்குகிறது. கணினியில் வண்டிக்குப் பதிவு செய்தவுடன், சாலையில் அனுப்பாததால் இவ்வளவு கரிப்புகை குறையும் என்று நன்றி கூறும் செய்தி திரையில் தோன்றும். முதலில் நாம் இதனை விளையாட்டாகவே எண்ணினோம். நன்றி சொல்வதைவிட வேகனை வேளைக்குக் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று நம் பக்கத்து மேசை நண்பர் முணுமுணுத்தார். ஆனால் பெரிய கம்பெனிகளின் ஆட்கள் அந்த எண்ணைக் கவனமாகக் குறித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுடைய பொருளை வாங்குவோர் அதைக் கேட்கிறார்கள். புகைக்கும் ஒரு பேரேடு உண்டாகிவிட்டது. கணக்கு எழுதும் இனத்தைச் சேர்ந்த நமக்கு அதில் மகிழ்ச்சிதான்.

நாமக்கல் அன்பரின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் லாரியை நம்பி வாழ்கின்றன என்பதை நாம் அறிவோம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரியை இந்த நெடுஞ்சாலையில் கண்டால் நம் மனம் குளிர்வதும் உண்மை. ரயிலுக்குச் சரக்கு வந்தால் லாரிக்கு ஒரு குறையும் வராது என்று சொல்வது பொய். ஆயிரம் கிலோமீட்டர், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் கிடைக்கும் வாடகை குறையத்தான் செய்யும். தொழிற்சாலைக்கும் கண்டெய்னர் நிலையத்துக்கும் இடையே உள்ள சிறு ஓட்டம் பெருகும். ஆனால் அதன் வாடகை வேறு, இதன் வாடகை வேறு. அதனைப் பேசாமல் பசுமை பேசும் கனவான்கள் ஒருமுறை லாரிப் பேட்டைக்கு வந்து பார்க்கவேண்டும்.

லாரியையும் ரயிலையும் பகையாக்காத வழியும் ஒன்று உண்டு. கொங்கண் ரயில்வே 1999 ஜனவரி 26 முதல் லாரிகளையே தட்டை வேகன்களில் ஏற்றிச் செல்கிறது. சரக்கோடு லாரி வேகன் மேல் நிற்க, ஓட்டுநர் தம் இருக்கையிலேயே படுத்து உறங்கலாம். மலைப்பாதையின் வளைவுகளை ரயில் பார்த்துக்கொள்ளும். இறங்கும் நிலையத்தில் எஞ்சினைக் கிளப்பி மிச்ச வழியைச் சாலையில் செல்வார். மேற்குத் தனிப்பாதையிலும் பாலன்பூருக்கும் ரேவாரிக்கும் இடையே, ஏறத்தாழ 630 கிலோமீட்டர் தூரம், பால் டாங்கர் லாரிகளை இவ்வாறு ஏற்றிச் செல்கிறார்கள். டீசல் மிச்சம், டயர் மிச்சம், உறக்கமும் மிச்சம். இது எல்லாப் பாதைகளிலும் பரவவில்லை. பரவவேண்டும் என்பது நம் ஆசை.

மாசி மாதத்தில் அந்த அன்பரைச் சந்தித்து இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு, “தம்பி, சென்ற தீபாவளி எனக்கு உதயப்பூர்ச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் விடிந்தது. பேத்தி போனில் மத்தாப்புக் கொளுத்திக் காட்டினாள். என் பையன் லாரித் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். டிரைவர் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. நீங்கள் ரயிலில் ஏற்றாவிட்டாலும் இது எத்தனை நாள் ஓடும் என்று எனக்கே தெரியாது” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால் வாடகையில் அடித்தால் சங்கத்துக்குள்ளேயே உங்களோடு சண்டை போடுவேன்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இப்போது அவருடைய லாரிகளில் ஒன்று கோடியாருக்கும் சானந்துத் தொழிற்பேட்டைக்கும் இடையே கண்டெய்னர் ஏற்றி ஓடுகிறது. மற்ற இரண்டும் பழையபடி நெடுஞ்சாலையில். கண்டெய்னர் லாரியின் ஓட்டுநர் இரவில் வீட்டுக்கு வந்து உறங்குகிறார். ஆனால் ரயில் தாமதமானால் நாள் முழுதும் வாயிலில் நின்று வாடகையை இழக்கிறார். ஆகையால் வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது அன்பரிடமிருந்து நமக்குத் தொலைபேசி வரும். சென்ற வெள்ளிக்கிழமையும் வந்தது. “தம்பி, வடக்கே இருந்து வரும் கண்டெய்னர் வண்டி எங்கே இருக்கிறது? வண்டியை இப்போது அனுப்பட்டுமா, விடிந்தபின் அனுப்பட்டுமா?”

நாம் திரையைப் பார்த்தோம். வண்டி பாலன்பூரைக் கடந்துவிட்டது என்று சொன்னோம்.